கிளித்தட்டு ஆடும் முறை

யாழ்ப்பாணக் குடாநாட்டில் காலபோக நெல் அறுவடை முடிந்து வயல் காய்ந்ததும், அதுவே பிள்ளைகளின் விளையாட்டுத் திடலாகும். அங்கே ஆடப்பட்டுவந்த ஆட்டங்களுள் கிளித்தட்டுக்குத் தனியிடம் உண்டு. சில இடங்களில் இதனைத் தாச்சி என்றும் வழங்குவர். பந்து வேண்டியதில்லை, மட்டை வேண்டியதில்லை. கோடு கீறுவதற்கு ஒரு தடி போதும்.

கட்சிக்கு ஐவராயின் ஐந்து குறுக்குக் கோடுகள் வேண்டும். அவற்றை ஊடறுத்து நடுவே ஒரு நெடுங்கோடு செல்லும். இவ்வாறு எட்டுப் பெட்டிகள் அமையும். பெட்டியின் அளவுக்குக் கட்டளை எதுவுமில்லை. ஆயினும், கோட்டில் நிற்பவர் கை நீட்டியவுடன் எவரையும் தொட்டுவிடக்கூடிய சிறு பெட்டியாயின் ஆட்டம் தொடங்குமுன்பே முடிந்துவிடும். கோடு தெளிவாயிருப்பது அதனினும் முக்கியம். மறிப்பவரின் கால் கோட்டை விட்டு விலகியிருந்தால் தொட்டது செல்லாது. மணலில் குதிக்காலால் இழுத்த கோடு சிறிது நேரத்தில் அழிந்துபோகும். பின்னர் எழுவது விளையாட்டன்று, வழக்கு! சாம்பலோ சுண்ணாம்போ தூவிவிட்டால் பாதிச் சண்டை குறையும்.

மறிக்கும் கட்சியின் தலைவரே கிளி. முன்கோடும் நடுக்கோடும் அவருடையவை. ஏனைய நால்வரும் ஆளுக்கொரு குறுக்குக் கோட்டைக் காப்பர். கிளி கைதட்டியதும் எதிர்க்கட்சியினர் பெட்டிகளுள் இறங்குவர். ஒவ்வொரு கோடாகக் கடந்து கடைசிக் கோட்டுக்கு அப்பாற் சென்றவர் பழம். அவர் மீண்டும் அதே வழியால் ஏறி முன்கோட்டைத் தாண்டினால் அவருடைய கட்சிக்கு வெற்றி. இன்னும் கீழே இறங்கிக்கொண்டிருப்பவர் காய். பழமும் காயும் ஒரே பெட்டியில் கூடலாகாது என்று விதிக்கும் ஊர்களும் உண்டு. எவரேனும் ஒருவர் தொடப்பட்டால் கட்சி முழுவதும் வெளியேறி மறிக்க வரவேண்டும்.

வேகமாக ஓடுபவரே வெல்வார் என்று எண்ணுவது தவறு. ஒருவர் கோட்டின் ஓர் அந்தத்தில் நின்று பாய்வதுபோலப் பாவனை காட்டி மறிப்பவரைத் தம் பக்கம் இழுப்பார்; அவ்வேளை மற்றவர் மறு அந்தத்தால் நழுவிவிடுவார். கிளியும் குறுக்குக்கோட்டுக்காரரும் ஒரே பெட்டியை நெருக்கினால் உள்ளே நிற்பவர் தப்புவது அரிது. ஆகவே, தோழர்கள் வேறு பெட்டிகளிற் குரல் கொடுத்துக் கிளியை அலைக்க வேண்டும். மராட்டியத்து ஆட்யா பாட்யாவிலும் பிலிப்பைன்ஸ் நாட்டுப் பட்டின்டெரோவிலும் இதே தந்திரத்தைக் காணலாம்.

ஒருவர் பிழைத்தால் எல்லோரும் இழப்பதால், மெலிந்த பிள்ளையைச் சேர்க்கப் பிறர் தயங்குவர். ஆட்டத்தின் பெருங்குறை இதுவே. பெரியவர்கள் தலையிட்டு, "அவனையும் சேருங்கோ" என்று சொன்னால் அவன் வேண்டாத விருந்தாளியாகவே நிற்பான். தமிழூர்களில் வழங்கிய உத்தி பிரித்தல் இதற்கு நல்ல வழி. ஒத்த வலிமையுள்ள இருவர் சேர்ந்து, சூரியன், சந்திரன் என்பதுபோல் மறைவாகப் பெயர் வைத்துக்கொண்டு தலைவர்களிடம் வருவர். ஒரு தலைவர் ஒரு பெயரைக் கேட்பார். மற்றப் பெயருக்குரியவர் எதிர்க்கட்சிக்குப் போவார். மெலிந்தவனுக்கு இணையாக வந்தவனும் மெலிந்தவனே ஆதலால் இரு கட்சிக்கும் சுமை ஒன்றே. கடைசிவரை வேண்டப்படாமல் நிற்கும் பிள்ளை எவருமில்லை.

ஆட்களின் தொகை ஒற்றையாக வந்தால், எஞ்சியவர் முதலாட்டத்துக்கு நடுவராக நின்று கோட்டையும் காலையும் பார்க்கலாம். அடுத்த ஆட்டத்தில் வேறொருவர் அவ்விடத்துக்கு வர, அவர் உள்ளே இறங்குவார்.