படகுகளும் ஒரு ஜனாதிபதியின் வீழ்ச்சியும்: கன்பரா எதிர்கொண்ட சங்கடம்

2022ஆம் ஆண்டு ஜூன் 20ஆம் தேதி, அவுஸ்திரேலியாவின் புதிய உள்துறை அமைச்சர் கிளேர் ஓ'நீல் கொழும்பில் ஜனாதிபதி கோட்டாபய ராஜபக்சவைச் சந்தித்தார். காலிமுகத்திடலில் அந்த ஜனாதிபதியைப் பதவி விலகக் கோரும் மக்கள் அப்போது மூன்றாவது மாதமாகக் கூடாரமடித்திருந்தனர். எரிபொருளுக்காக நாடெங்கும் வரிசைகள் நீண்டிருந்தன. அந்தச் சந்திப்பு நடந்து மூன்று வாரங்கள்கூட ஆகாத நிலையில், ஜூலை 9ஆம் தேதி ஜனாதிபதி மாளிகை மக்கள் வசமாயிற்று. 13ஆம் தேதி மாலைதீவுக்குத் தப்பிச் சென்ற கோட்டாபய, மறுநாள் சிங்கப்பூரிலிருந்து பதவி விலகல் கடிதம் அனுப்பினார்.

மக்களால் நிராகரிக்கப்பட்டுக்கொண்டிருந்த ஒரு தலைவரை, அதுவும் பதவியேற்று ஒரு மாதமே ஆன தொழிற்கட்சி அரசின் அமைச்சர் ஏன் சென்று சந்திக்க வேண்டும்? இதற்கான விடை கடலில் இருக்கிறது.

அவுஸ்திரேலியப் பொதுத் தேர்தல் நடந்த மே 21ஆம் தேதியன்றே இலங்கையிலிருந்து வந்த ஒரு படகு இடைமறிக்கப்பட்டது. அன்றைய பிரதமர் ஸ்கொட் மொரிசன் அச்செய்தியை வாக்களிப்பு நடந்துகொண்டிருக்கும்போதே வெளிப்படுத்தினார். அது தேர்தலின் முடிவை மாற்றவில்லை. ஆனால் புதிய அரசு படகுகள் விடயத்தில் தளர்ந்துவிடும் என்ற கருத்து பரவிவிடக் கூடாது என்ற கவலையைத் தொழிற்கட்சிக்கு அது விட்டுச் சென்றது. பிலோயிலா நகரில் வாழ்ந்து, பின்னர் நீண்ட காலம் தடுத்து வைக்கப்பட்ட தமிழ்க் குடும்பத்தை அதே அரசு ஜூன் மாதத்தில் மீண்டும் அந்நகருக்கு அனுப்பி வைத்தது. அந்த மகிழ்ச்சி அடங்குவதற்குள் அமைச்சர் கொழும்பில் இருந்தார். பொருளாதார உதவியுடன் ஆட்கடத்தல் தடுப்பும் அவரது பயணத்தின் நோக்கமாக அறிவிக்கப்பட்டது.

இந்த உறவு புதியதல்ல. 2013 நவம்பரில் கொழும்பில் நடந்த பொதுநலவாய உச்சிமாநாட்டை கனேடியப் பிரதமர் புறக்கணித்தார். இந்தியப் பிரதமரும் செல்லவில்லை. அவுஸ்திரேலியப் பிரதமர் டோனி அபொட் சென்றதோடு, இலங்கைக் கடற்படைக்கு இரண்டு ரோந்துப் படகுகளையும் அறிவித்தார். சித்திரவதை பற்றிக் கேட்கப்பட்டபோது, அதைக் கண்டிப்பதாகவும், ஆனால் கடினமான சூழ்நிலைகளில் கடினமான காரியங்கள் நடந்துவிடுவதுண்டு என்றும் பொருள்படப் பதிலளித்தார். போரில் உறவுகளை இழந்து சிட்னியிலும் மெல்பேர்ணிலும் குடியேறிய தமிழர்கள் அந்தப் பதிலை எளிதில் மறந்துவிட மாட்டார்கள். அப்போது இலங்கையின் பாதுகாப்புச் செயலாளராக இருந்தவர் இதே கோட்டாபயதான். 2014 ஜூலையில் 41 பேர் நடுக்கடலில் இலங்கைக் கடற்படையிடம் ஒப்படைக்கப்பட்டனர். அவர்களில் 37 பேர் சிங்களவர், நால்வர் தமிழர்.

ஆகவே 2022இல் கன்பராவின் முன்னிருந்த வழிகள் மிகக் குறைவு. ஜனாதிபதியை வெளிப்படையாகக் கைவிட்டால் கரையோரக் காவல் தளரக்கூடும். பசியும் வேலையின்மையும் மேலும் பல படகுகளைக் கடலுக்கு அனுப்பும். ஆதரித்தாலோ, வீழப்போகும் ஒருவரின் பக்கம் நின்ற பழி வரும். கண்டுபிடிக்கப்பட்ட வழி, பணத்தையும் மனிதரையும் பிரிப்பது. அறிவிக்கப்பட்ட 5 கோடி அவுஸ்திரேலிய டொலர் உதவியில் 2 கோடி 20 இலட்சம் உலக உணவுத் திட்டத்தின் ஊடாக உணவுக்குச் சென்றது. நிதி மக்களுக்கு என்று சொல்ல முடிந்தது. ஆனால் புகைப்படத்தில் அமைச்சருடன் இருந்தவர் ஜனாதிபதி.

இந்தோனேஷியாவில் கன்பராவுக்கு நேர்ந்ததை இத்துடன் ஒப்பிட்டால் வேறுபாடு விளங்கும். பிரதமர் போல் கீற்றிங், ஜனாதிபதி சுஹார்ட்டோவுடன் வளர்த்த தனிப்பட்ட நெருக்கத்தின் மீது 1995 டிசம்பரில் ஒரு பாதுகாப்பு உடன்படிக்கை எழுந்தது. அது இரகசியமாகவே பேசி முடிக்கப்பட்டது. 1998 மே 21ஆம் தேதி, 32 ஆண்டுகால ஆட்சிக்குப் பின் சுஹார்ட்டோ மக்கள் கிளர்ச்சியால் பதவி துறந்தார். மறு ஆண்டே கிழக்குத் திமோர் விவகாரத்தில் ஜகார்த்தா அந்த உடன்படிக்கையைக் கிழித்தெறிந்தது. ஒரு மனிதரை நம்பிக் கட்டிய உறவு அவருக்குப் பின் இரண்டு ஆண்டுகள்கூட நீடிக்கவில்லை. அண்மையில் இந்தியாவும் இவ்வாறே மாட்டிக்கொண்டது: 2024 ஆகஸ்ட் 5ஆம் தேதி டாக்காவை விட்டு வெளியேறிய ஷேக் ஹசீனா புதுடெல்லியிடமே தஞ்சம் புகுந்தார்.

கொழும்பில் அவுஸ்திரேலியா பற்றியிருந்தது மனிதரை அல்ல, கடற்படையை. அதனால் கோட்டாபய போனதும் கன்பராவுக்குப் பெரிய இழப்பு ஏற்படவில்லை. புலம்பெயர் தமிழர்களுக்குச் சங்கடம் இங்கேதான் தொடங்குகிறது. 2021 கணக்கெடுப்பின்படி அவுஸ்திரேலியாவில் 95 ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் வீட்டில் தமிழ் பேசுகின்றனர். ராஜபக்ச குடும்பத்தின் வீழ்ச்சி அவர்களில் பலருக்கு ஆறுதல் அளித்திருக்கலாம். ஆனால் 2009இன் பொறுப்புக்கூறல் பற்றிய அவர்களது கேள்விகள் ஒரு குடும்பத்தை மட்டும் நோக்கியவை அல்ல, படைகளையும் நோக்கியவை. அந்தப் படைகளுடனான கன்பராவின் ஒத்துழைப்போ, காலிமுகத்திடல் கிளர்ச்சியின்போது கேள்விக்கு உள்ளாகவேயில்லை.

2024 ஆகஸ்ட்டில், ரணில் விக்கிரமசிங்க ஜனாதிபதியாக இருந்தபோது, கடல் கண்காணிப்புக்கென ஒரு விமானத்தை அவுஸ்திரேலியா இலங்கை விமானப்படைக்கு வழங்கியது. அடுத்த மாதமே தேர்தலில் அவர் தோற்று, அநுர குமார திசாநாயக்க ஜனாதிபதியானார். விமானம் படையிடமே இருந்தது.