பழைய வேன், புதிய மோட்டார்

1947-இல் டச்சு வணிகர் பென் பான் தன் குறிப்பேட்டில் வரைந்த ஒரு பெட்டி வடிவம்தான், 1950-இல் ஃபோக்ஸ்வாகன் வேனாக ஜெர்மனியில் தயாரானது. அடுத்த ஆண்டே வெஸ்ட்ஃபாலியா நிறுவனம் அதற்குள் படுக்கையும் அலமாரியும் வைத்து, குட்டி வீடாகவே மாற்றிவிட்டது.

உருண்டை விளக்கு, இரட்டை வண்ணம் என்று அந்த அழகில் இன்றும் சொக்கிப்போகிறவர்கள் ஏராளம். ஓட்டும்போதுதான் சிரமம் தெரியும். 1966-ஆம் ஆண்டு வண்டி ஒன்றின் இன்ஜினுக்கு வெறும் 44 குதிரைத்திறன். மேடு வந்தால் மூச்சு வாங்கும்.

அப்படிப்பட்ட ஒரு வண்டியைத்தான் 2020-இல் மின்சாரத்துக்கு மாற்றி, இ-புல்லி என்று பெயரிட்டு ஃபோக்ஸ்வாகன் காட்டியது. புதிய மோட்டாருக்கு 83 குதிரைத்திறன். 45 கிலோவாட் மணி பேட்டரியை ஒருமுறை சார்ஜ் செய்தால் 200 கிலோமீட்டருக்கு மேல் போகலாம். நாளுக்கு ஓர் ஊர் என்று நிதானமாகச் சுற்றுகிறவர்களுக்கு இது தாராளம். அவசரக்காரர்களுக்குச் சரிப்படாது.

மோட்டாரை மாற்றினாலும் ஒன்று மாறுவதில்லை. இந்தப் பழைய வேன்களில் ஓட்டுநரின் முழங்காலுக்கு முன்னால் இருப்பது மெல்லிய தகடு மட்டுமே. மோதலைத் தாங்க இன்ஜின் அறை கிடையாது. வேகத்தில் கவனம் வேண்டும்.

இப்படியொரு வண்டி வாங்கும் ஆசை இருந்தால், பெயின்ட் பளபளப்பில் மயங்காதீர்கள். முதலில் குனிந்து, அடித்தகட்டில் துரு ஏறியிருக்கிறதா என்று பாருங்கள்.