சுழியோடி மேலே வந்த பிறகு: கடலில் கண்ணில் படுவதும் பாதுகாப்பே

றொசல்லயில் இருந்துகொண்டு கடலைப் பற்றி எழுதுவது சிலருக்கு வியப்பாக இருக்கலாம். ஆசிரியர் பயிற்சிக் கலாசாலையில் என்னோடு படித்த கிண்ணியா, மூதூர் நண்பர்கள் சிலரின் குடும்பங்களில் சங்குக்கும் கடலட்டைக்கும் சுழியோடுபவர்கள் இருந்தார்கள். இன்று மலையகத்தில் இருந்தும் எமது பிள்ளைகள் நிலாவெளிக்கும் புறாமலைக்கும் சுற்றுலா செல்கிறார்கள். ஆகவே இது கரையோர மக்களுக்கு மட்டுமான விடயமல்ல.

சுழியோடுவதில் ஆபத்து என்றதும் ஆழமும் சுறாவும் காற்றுத் தீர்ந்துபோவதும்தான் நினைவுக்கு வரும். ஆனால் எந்தக் காயமுமின்றி மேலே வந்த ஒருவர் படகில் இருப்பவரின் கண்ணில் படாமல் போவதும் உயிராபத்தே. 1998 ஜனவரி 25 அன்று அவுஸ்திரேலியாவின் பவளப்பாறைக் கடலில் டொம், ஐலீன் லோனர்கன் என்ற அமெரிக்கத் தம்பதியை விட்டுவிட்டுப் படகு கரை திரும்பியது. ஆட்களை எண்ணியதில் தவறு நேர்ந்திருந்தது. இரண்டு நாட்களின் பின்னரே அவர்கள் இல்லாதது தெரிந்தது. அவர்களது உடல்கள் கிடைக்கவேயில்லை.

நீருக்கு மேலே தெரிவது தலை மட்டுமே. அலை சற்று எழுந்தாலே சில நூறு மீற்றருக்கு அப்பால் அது தெரியாது. மணிக்கு 2 கிலோமீற்றர் வேக நீரோட்டமோ அரை மணி நேரத்தில் ஒருவரை 1 கிலோமீற்றர் தூரம் கொண்டுசென்றுவிடும்.

முன்பு மன்னார் முத்துக்குளிப்பில் இந்தச் சிக்கல் குறைவு. கீழக்கரை முஸ்லிம்கள் உட்பட அங்கு குளித்தவர்கள் கயிற்றோடு இறங்கினார்கள். கயிற்றை அசைத்தால் படகில் இருப்பவர் மேலே இழுப்பார். காற்றுச் சிலிண்டர் வந்த பின் சுழியோடி விரும்பிய இடத்துக்கு நீந்தலாம் என்றானது. ஆனால் கயிறு போய்விட்டது. இன்றைய சமிக்ஞைக் கருவிகள் அந்தக் கயிற்றின் வேலையைத்தான் செய்கின்றன.

அவற்றில் முதன்மையானது, 'சொசேஜ்' என்று சுழியோடிகள் அழைக்கும் செம்மஞ்சள் நிறக் காற்றுக் குழாய். சுருட்டிப் பையில் வைக்கலாம். மேலே வருமுன் 5 மீற்றர் ஆழத்தில் நின்று, அதில் காற்றூதி நூலோடு மேலே விட்டால் படகுக்காரர் இடத்தை அறிந்துகொள்வார். மேலே வந்ததும் நூலைக் கீழ்நோக்கி இழுத்துப் பிடித்தால் குழாய் நிமிர்ந்து நிற்கும். நூலை ஒருபோதும் உடம்பில் கட்டக்கூடாது. குழாய் ஆளையும் சேர்த்து வேகமாக மேலே இழுத்தால் நுரையீரல் பாதிக்கப்படும். எனவே பயிற்சி அவசியம்.

அடுத்தது விசில். எமது ஊர்ப் பனிமூட்டத்தில் ரயில் தெரியுமுன் அதன் சத்தம் கேட்பதுபோல, கண்ணுக்கு எட்டாததைக் காது பிடித்துவிடும். ஆனால் இயந்திரம் ஓடும் படகில் விசில் கேட்காது. அப்போது கண்ணாடி உதவும். வெயிலில் அதன் பளிச்சிடல் பல கிலோமீற்றருக்குத் தெரியும். இரவில் கண்ணாடி பயனற்றது, டோர்ச் வேண்டும். செய்மதிக்கு 406 மெகாஹேர்ட்ஸ் அலைவரிசையில் இடத்தை அறிவிக்கும் கருவியும் உண்டு. அது விலை கூடியது. நீருக்கடியில் கொண்டுசெல்ல நீர்புகாத உறையும் தேவை. ஒரு கருவி எல்லா நிலைமைக்கும் போதாது என்பதே இதன் பாடம்.

பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்க இன்னொன்று: சுழியோடிகளின் சைகையில், நீரில் கையை உயர்த்தி ஆட்டுவது வணக்கமல்ல, "உதவி வேண்டும்" என்பதாகும். விரல் நுனிகளைத் தலையில் தொட்டுக் கையை வளைத்தால் "நலம்". வெள்ளைக் குறுக்குக்கோடு போட்ட சிவப்புக் கொடி கண்ட இடத்தில் படகு வேகத்தைக் குறைத்து விலகிச் செல்ல வேண்டும்.

சங்குக்கும் கடலட்டைக்கும் இறங்கும் இளைஞர்களில் எத்தனை பேரிடம் குழாய், விசில், டோர்ச் மூன்றும் இருக்கின்றன? கரையோர ஊர்களின் மீனவர் சங்கங்களும் பள்ளிவாசல் நிர்வாகங்களும் இதைக் கேட்டறிந்து, இல்லாதவர்களுக்கு மொத்தமாக வாங்கிக் கொடுக்கலாம். புறப்படும்போதும் திரும்பும்போதும் பெயர் சொல்லி ஆளை எண்ணும் வழக்கத்துக்குச் செலவே இல்லை. அதை நாளைக் காலையே தொடங்கலாம்.