மலையைச் சுற்றி வரும் தண்ணீர்

மதீராவுக்குப் போகிறவர்களை இழுப்பது பெரும்பாலும் அதன் இதமான வெயில்தான். ஆப்பிரிக்கக் கரைக்கு மேற்கே, அட்லாண்டிக் கடலில் கிடக்கும் இந்தப் போர்ச்சுகீசியத் தீவின் தலைநகர் ஃபுன்ஷாலில் ஜனவரிப் பகலிலும் 19, 20 டிகிரி இருக்கும். ஆகஸ்டில் 26 ஆனால் அதிகம். கடலோர விடுதியிலேயே பொழுதைக் கழித்துவிடத் தோன்றும். தோன்றினாலும் மலை ஏறிவிடுங்கள். தீவின் சரித்திரத்தை அங்கே ஓடும் வாய்க்கால்களில்தான் பார்க்க முடியும்.

இவற்றை 'லெவாடா' என்கிறார்கள். வடகிழக்குக் காற்று கொண்டுவரும் மேகம் மலையில் முட்டி, வடபுறத்தை நனைத்துவிடுகிறது. தென்புறம் காய்கிறது, ஆனால் மக்கள் நெருங்கி வாழ்வதும் பயிர் செய்வதும் அங்கேதான். ஆகவே 15-ஆம் நூற்றாண்டில் குடியேறியவர்கள் தொடங்கி, தலைமுறை தலைமுறையாகப் பாறையைச் செதுக்கித் தண்ணீரைத் திருப்பிக் கொண்டுவந்தார்கள். தீவின் நீளமே 57 கிலோமீட்டர்தான். வாய்க்கால்களோ 2,000 கிலோமீட்டருக்கும் மேல். மடை திறந்து, முறைவைத்துத் தண்ணீர் விடும் 'லெவாடெய்ரோ' இன்றைக்கும் இருக்கிறார்.

அந்தத் தண்ணீரைக் குடித்து வளர்ந்தது கரும்பு. ஃபுன்ஷால் நகரச் சின்னத்தில் இப்போதும் சர்க்கரைக் கூம்புகள் இருக்கின்றன. அங்குள்ள சமயக் கலை அருங்காட்சியகத்தின் ஃப்ளாண்டர்ஸ் ஓவியங்கள் சர்க்கரைச் செல்வத்தில் வந்தவை. அவற்றின் முன்னால் நிற்கும்போது, அந்தத் தோட்டங்களில் உழைத்தவர்களில் ஆப்பிரிக்காவிலிருந்தும் கனேரித் தீவுகளிலிருந்தும் பிடித்துவரப்பட்ட அடிமைகளும் உண்டு என்பதை மறக்கக் கூடாது. வழிகாட்டிகள் இதை விரிவாகவே சொல்லவேண்டும் என்பது என் எண்ணம்.

மலை ஏறுகிறவர்கள் பார்க்கவேண்டிய இன்னோர் ஊர் ஃபுன்ஷாலுக்கு மேலே உள்ள மோன்டே. ஆட்சியை இழந்து இங்கே வந்த ஆஸ்திரியாவின் கடைசிப் பேரரசர் முதலாம் கார்ல், 1922-இல் இறந்து அவ்வூர்த் தேவாலயத்தில் அடக்கமானார். அங்கிருந்து பிரம்புச் சறுக்கு வண்டியில் இறங்கலாம்.

ஒரே ஒரு வாய்க்கால்தான் பார்க்க நேரமிருக்கிறது என்றால் கல்தெய்ராவ் வெர்தேயைத் தேர்ந்தெடுங்கள். சந்தானா என்ற ஊருக்கு மேலே கெய்மாதாஷில் தொடங்கும் பாதை. போக சுமார் ஆறரை கிலோமீட்டர். ஒரு பக்கம் முழங்கால் உயரத்தில் சலசலக்கும் நீர், மறுபக்கம் கிடுகிடு பள்ளம். வழியில் வருவது லாரல் காடு. பல மில்லியன் ஆண்டுகளுக்கு முன் தென் ஐரோப்பாவில் பரந்திருந்த காட்டின் மிச்சம். 1999-இல் யுனெஸ்கோவின் உலக மரபுப் பட்டியலில் சேர்ந்தது. மூடுபனியை இலைகளில் பிடித்துச் சொட்டுச் சொட்டாக மண்ணுக்குள் இறக்குவதே இந்த மரங்கள்தான். காடு போனால் வாய்க்காலும் வற்றும்.

பாதையில் வரும் சுரங்கங்களில் குனிந்து நடக்கவேண்டும், டார்ச் அவசியம். தலைசுற்றல் உள்ளவர்களுக்கு இந்தப் பாதை வேண்டாம். பாறை சரிந்தால் பாதையை மூடிவிடுவார்கள். கிளம்பும் முன் விசாரியுங்கள். எல்லா இரவுகளையும் ஃபுன்ஷாலிலேயே கழிக்காமல் ஓரிரவாவது சந்தானாவில் தங்கினால், கூட்டம் சேர்வதற்கு முன்பே நடையைத் தொடங்கிவிடலாம்.