பாலாறு கடலைத் தொடும் கரை

காஞ்சிபுரத்தில் செவிலிமேடு பாலத்தைக் கடக்கும்போது கீழே பெரும்பாலும் மணல்தான் தெரியும். அந்தப் பாலாறு கல்பாக்கத்துக்குத் தெற்கே, வயலூர் அருகே கடலில் சேர்கிறது. காஞ்சியை ஆண்ட இராஜசிம்ம பல்லவன் தன் முன்னோர் வரிசையைத் தூணில் பொறித்து வைத்ததும் இதே வயலூரில்தான்.

விடுமுறை என்றால் நம் ஊர் வேன்கள் மாமல்லபுரத்துக்குத்தான் கிளம்பும். கடற்கரைக் கோயில் பக்கம் ஞாயிறு மாலை நிற்க இடம் கிடைப்பதே பெரும்பாடு. அங்கிருந்து தெற்கே சுமார் 15 கிலோமீட்டரில், பாலாறு சேரும் அதே கரையோரம் இருக்கிறது சதுரங்கப்பட்டினம். செங்கல்பட்டு, திருக்கழுக்குன்றம் வழியாகவே நேராகப் போய்விடலாம்.

அங்கே கடலைப் பார்த்தபடி டச்சுக்காரர் கட்டிய செங்கல் கோட்டை. வாசலில் பீரங்கிகள், உள்ளே தானியக் கிடங்குகள், டச்சு எழுத்தும் குலச் சின்னங்களும் செதுக்கிய கல்லறைப் பலகைகள். அந்தச் செதுக்கலுக்காகவே ஒரு நடை போகலாம். இங்கிருந்து அவர்கள் கப்பலேற்றிய சரக்கில் முக்கியமானது மெல்லிய பருத்தித் துணி. நெசவாளர் வீட்டுப் பிள்ளைகளுக்கு இதைச் சொல்லிக் காட்டுங்கள். 1782 பிப்ரவரி 17 அன்று பிரெஞ்சு, ஆங்கிலக் கடற்படைகள் மோதியதும் இந்தக் கடலில்தான்.

கோட்டையை ஒட்டியே மீனவர் குப்பம், படகுகள், உலரும் வலைகள். வலையை மிதிக்காமல் நடங்கள். பக்கத்தில் அணுமின் நிலையம் இருப்பதால் தடுப்புப் பலகைகளைத் தாண்ட வேண்டாம். அலை இழுப்பு பலமாக இருக்கும். கால் நனைப்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். குடிநீரும் சாப்பாடும் வீட்டிலிருந்தே எடுத்துப் போங்கள்.