கலபார் நாட்டு அம்மா – மேரி ஸ்லெஸ்ஸர்

மலருக்கு ஒரு கட்டுரை வேண்டும் என்று நமது சங்கச் செயலாளர் கேட்டபோது, வழக்கம்போல் சீவக சிந்தாமணியைப் பற்றியோ வந்தவாசிப் பக்கத்துச் சமணக் கோயில்களைப் பற்றியோ எழுதித் தருவேன் என்று அவர் எண்ணியிருக்கக்கூடும். இம்முறை ஒரு கிறிஸ்தவ ஊழியப் பெண்மணியைப் பற்றி எழுதுகிறேன். எங்கள் நூல்கள் நால்வகைத் தானங்களைச் சொல்லும்: உணவு, மருந்து, சாத்திரம், அபயம். முதல் மூன்றையும் காசு உள்ளவன் கடையில் உட்கார்ந்தபடியே செய்துவிடலாம். அபய தானம் அப்படியல்ல. அஞ்சி வந்த உயிரை நம் வீட்டுக்குள்ளேயே கொண்டுவந்து வைத்துக்கொள்ள வேண்டும். அதையே தம் முழு வாழ்வாகக் கொண்டவர் இந்த அம்மையார்.

அவர் எனக்கு அறிமுகமானது சணல் வழியாகத்தான். கொல்கத்தாவில் முப்பது வருஷத்துக்கு மேல் கோணிப்பை வியாபாரம் பண்ணியவன் நான். டண்டி என்ற பேரைக் கேட்காமல் இந்தத் தொழிலில் இருக்க முடியாது. ஸ்காட்லாந்தின் அந்தத் துறைமுக ஊருக்குத்தான் வங்காளத்துச் சணல் கப்பலேறிப் போயிற்று. திமிங்கில எண்ணெயும் தண்ணீரும் விட்டால் நார் பதப்படும் என்று கண்டுகொண்டு, ஊர் முழுக்க ஆலைகள் எழுந்தன. பிற்பாடு நம் ஹூக்ளிக் கரை ஆலைகள் டண்டியை முந்திவிட்டன என்பது வேறு கதை.

1848இல் அபர்டீனில் பிறந்த மேரி, சிறுமியாக இருந்தபோதே குடும்பத்தோடு டண்டிக்கு வந்தார். தகப்பனார் செருப்புத் தைப்பவர், குடிக்கு அடிமை. தாயார் தறிக்காரி. மேரி 11 வயதில் ஆலைக்குப் போனார்: பாதி நாள் வேலை, பாதி நாள் பள்ளிக்கூடம். கொஞ்சம் வளர்ந்ததும் காலை ஆறு மணி முதல் மாலை ஆறு மணி வரை முழு வேலை. தறியின் மேல் புத்தகத்தைச் சாய்த்து வைத்துப் படித்தாராம். கல்லாப்பெட்டிக்குப் பக்கத்தில் புத்தகம் வைத்துப் படித்தவனுக்கு இந்தச் செய்தி பிடிக்காமல் போகுமா?

27 வயதில், 1876இல், மேற்கு ஆப்பிரிக்காவின் கலபாருக்குக் கப்பலேறினார். இன்றைய நைஜீரியாவின் தென்கிழக்கு மூலை அது. எஃபிக் மொழியை அந்த நாட்டுக்காரர் போலவே பேசக் கற்றார். வீட்டுக்குப் பணம் அனுப்ப வேண்டியிருந்ததால் அந்த ஊர்ச் சாப்பாட்டையே சாப்பிட்டார். பெரும்பாலும் வெறுங்காலோடு நடந்தார். மலேரியா அவரைக் கடைசிவரை விடவில்லை.

அங்கே இரட்டைக் குழந்தை பிறப்பது பெருங்கேடு. இரண்டில் ஒன்று தீய ஆவிக்குப் பிறந்தது. எது என்று தெரியாது. ஆகவே இரண்டையும் மண்பானையில் வைத்துக் காட்டில் விட்டுவிடுவார்கள். தாயையும் ஊரைவிட்டுத் துரத்துவார்கள். ‘காட்டுமிராண்டிகள்’ என்று சொல்லிவிட வேண்டாம். அவர்களை ஆட்டியது பயம். பெண் சிசுக்களுக்காக நம் தமிழ்நாட்டில் 1992இல் தொட்டில் குழந்தைத் திட்டம் கொண்டுவர வேண்டியிருந்ததே, அதை நினைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

இவ்வழக்கத்தை எதிர்த்தவர் மேரி ஒருவரே என்று எழுதுபவர்கள் உண்டு. அது சரியல்ல. 1846 முதலே அங்கே சபையார் இருந்தார்கள். அவர்களுக்கு இணங்கி வந்த எஃபிக் தலைவர்களும் இருந்தார்கள். ஆனால் கரையோர ஊர்களில் சொன்ன சொல் உள்நாட்டுக் காடுகளில் எடுபடவில்லை. மேரி 1888இல் ஒக்கொயோங் என்ற அந்த உள்நாட்டுப் பகுதிக்கே குடிபோனார். எடெம் என்ற தலைவரின் வளாகத்தில், பெண்டு பிள்ளைகளுக்கு நடுவே மண் வீட்டில் வாசம். காட்டில் விடப்பட்ட குழந்தைகளைத் தூக்கி வந்து அங்கேயே வளர்த்தார். பிரசவத்தில் தாய் இறந்துபோன குழந்தைகளும் அவ்வீட்டுக்கே வந்தன. முதலில் அக்கம்பக்கத்துப் பெண்கள் வாசற்படி மிதிக்கவே அஞ்சினார்கள். இரட்டைப் பிள்ளைகள் தவழ்ந்து, நடந்து, தண்ணீர் எடுத்து வருவதை வருஷக்கணக்கில் பார்த்த பிறகுதான் பயம் மெல்லக் குறைந்தது. அப்படி வளர்ந்த ஜேனி என்ற பெண்ணைத் தம் மகளாகவே ஸ்காட்லாந்துக்கும் அழைத்துப் போய் வந்தார்.

தனியாகச் சாதித்தார் என்றும் சொல்ல முடியாது. எடெமின் சகோதரி மா எமே அவருக்குப் பெருந்துணை. ஊரில் விபரீதம் ஏதாவது நடக்கப்போகிறது என்றால், மருந்து கேட்பதுபோல ஒரு சீசாவை மேரிக்கு அனுப்புவாராம். அதுதான் இரண்டு பேருக்கும் ரகசிய சைகை.

தலைவரின் மகன் எட்டிம், மரம் உருண்டு விழுந்து மாண்டபோது நடந்ததைக் கேளுங்கள். சூனியம் என்று சொல்லிச் சிலரைப் பிடித்துச் சங்கிலியால் கட்டிவிட்டார்கள். அங்கே குற்றத்தை அறிய ஒரு விதையை அரைத்துக் கொடுப்பார்கள்: குடித்துச் செத்தால் குற்றவாளி, வாந்தியெடுத்துப் பிழைத்தால் நிரபராதி. (இந்தக் கலபார் விதையிலிருந்து 1864இல் பிரித்தெடுத்த சத்து, கண் நோய்க்கும், ஊமத்தை போன்ற விஷங்களுக்கு முறிவாகவும் பயன்பட்டது.) மேரி வாதாடிக்கொண்டு நிற்கவில்லை. இறந்தவனுக்குப் பட்டும் நல்ல உடுப்பும் சார்த்தி, குடை பிடித்து, அரசனைப் போல் உட்கார வைத்தார். மரியாதை நிறைந்ததைக் கண்டு ஊர் மனம் இறங்கியது. இரவும் பகலும் கைதிகளுக்குக் காவலிருந்தார். ஒவ்வொருவராக விடுவிக்கப்பட்டார்கள், மனித உயிர் ஒன்றும் போகவில்லை. ஒரு மாடு மட்டும் பலியாயிற்று. சமணனாகிய எனக்கு அதுவும் உறுத்தத்தான் செய்கிறது.

வியாபாரிகள் கவனிக்க வேண்டிய சங்கதி ஒன்று உண்டு. ஒக்கொயோங்காரர்கள் வெளியாரோடு பெரும்பாலும் துப்பாக்கி, சாராயம் என்றே கொடுக்கல் வாங்கல் வைத்திருந்தார்கள். கிரீக் டவுன் மன்னர் ஏயோவிடம் பேசி, தலைவர்கள் தங்கள் விளைபொருளையும் பனையெண்ணெயையும் தாங்களே கொண்டுபோய் விற்க மேரி வழிசெய்தார். கையில் வேலையும் சரக்கும் இருந்தால் சண்டைக்கு நேரம் குறையும் என்பது அவர் கணக்கு.

1892இல் ஆங்கில அரசு அவரையே அப்பகுதிக்கு நீதி வழங்கும் அதிகாரியாக்கியது. பஞ்சாயத்து மணிக்கணக்கில் நீளும். அவர் பின்னல் வேலை செய்துகொண்டே கேட்பார். பெண்களின் வழக்கை அவர்கள் மொழியிலேயே கேட்ட நீதிபதி அவர். ஆனாலும் அந்தப் பதவி ஏகாதிபத்தியத்தின் பதவிதான். ஒரு காலத்தில் இதே கலபாரிலிருந்து ஐரோப்பியக் கப்பல்கள் அடிமைகளை அள்ளிச் சென்றன. 1901–02இல் ஆங்கிலப் படை அரோச்சுக்குவை அடக்கிய பிறகுதான் மேரி அந்தத் திக்கில் ஊழியத்தை விரிவாக்கினார். பீரங்கி திறந்த வழியில் அவரும் நடந்தார் என்பதை அவர் அபிமானிகள் மறைக்க வேண்டியதில்லை. அவர் வீட்டில் வளர்ந்த பிள்ளைகளின் கணக்கை அது குறைத்துவிடாது.

சக ஊழியர் ஒருவரோடு கலியாணம் நிச்சயமாகியிருந்தது. அவரை ஒக்கொயோங்குக்கு அனுப்பச் சபை மறுத்தது. பிள்ளைகளை விட்டு வர மேரி சம்மதிக்கவில்லை. அவ்வளவுதான்.

1915 ஜனவரி 13ஆம் நாள், ஊசே என்ற ஊரில் தம் மண் வீட்டில், வளர்ப்புப் பெண்கள் பக்கத்திலிருக்க உயிர் துறந்தார். உடலை ஆற்று வழியாகக் கலபாருக்குக் கொண்டுவந்து அரசு மரியாதையுடன் அடக்கம் செய்தார்கள். 1997இல் ஸ்காட்லாந்தின் கிளைட்ஸ்டேல் வங்கி தன் பத்துப் பவுண்டு நோட்டில் அவர் படத்தை அச்சிட்டது. பின்பக்கத்தில் கலபாரின் வரைபடம். 2009இல் வந்த புது வரிசையில் அவர் படம் இல்லை. கலபார் நகரில் அவர் பெயரிட்ட சாலை இருக்கிறது.