தேத்தண்ணியும் இரும்பும்: பலகை கறுப்பது எப்படி?

மடுல்சீமைத் தேயிலை மலைகளில் நிழலுக்கு நிற்கும் சில்வர் ஓக், பெயரில்தான் ஓக். அவுஸ்திரேலியாவிலிருந்து வந்த அது வேறு குடும்பம். ஆனால் அறுத்த பலகையில் ஓக்கைப் போலவே மின்னும் வரிகள் ஓடும். அந்த அழகைப் பெயின்ட் பூசி மறைப்பது எனக்குப் பொறுக்காது. வரிகளை மறைக்காமலே கறுப்பாக்க வழி உண்டு.

உண்மையான ஓக்கில் தனின் என்ற துவர்ப்புப் பொருள் நிறைய உண்டு. ஈரத்தில் இரும்பாணி பட்ட இடம் கருநீலமாவது அதனால்தான். தனின் இரும்பு அயனைப் பற்றிக்கொண்டு கறுப்புச் சேர்மமாகிறது. அமோனியா ஆவி பட்டாலோ ஓக் பழுப்பேறும்.

தனின் குறைந்த பலகைக்கு அதை நாமே ஊட்டலாம். லயத்து அடுப்பில் கொதிக்கும் கடும் சாயத் தேத்தண்ணியே போதும். பூசிக் காயவிடுங்கள். வினாகிரியில் இரும்புக் கம்பிச்சுருளை ஓரிரு நாள் ஊறவைத்து, வடித்து, தேத்தண்ணி காய்ந்த பலகைமேல் பூசுங்கள். (ஊறும் போத்தலை இறுக மூடாதீர்கள், ஐதரசன் வாயு வெளியேற வேண்டும்.) முதலில் ஒன்றும் தெரியாது. காற்றின் ஒட்சிசன் இரும்பை மாற்ற மாற்ற, கண்ணெதிரே சாம்பலாகி, பிறகு கறுக்கும். கலம்காரித் துணியில் கடுக்காயும் வெல்லத்தில் ஊறிய இரும்பும் கறுப்புக் கோடாவதும் இதே வேதியியல்தான்.

தண்ணீர் பட்டால் மரநார் சிலிர்க்கும். ஆகவே முன்கூட்டியே நனைத்துக் காயவைத்து, மணல்தாளால் தேய்த்துவிடுங்கள். கறுத்தபின் தேய்த்தால் மெல்லிய நிறப்படலம் போய்விடும். நன்றாகக் காய்ந்ததும் ஆளிவிதை எண்ணெய் பூசுங்கள். மங்கிய சாம்பல் ஆழ்ந்த கறுப்பாகி, வரிகள் மீண்டும் எழும்.